தாசில்தாரைக் காணவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை போடியில் ஒரு காதுகுத்து. என் பெரியப்பா மகன் சௌந்தரம் அண்ணனின் பேத்திக்கு. காது குத்தி, குழந்தை அழுது முடித்து, கறிக்குழம்பு வாசத்தில் எல்லோரும் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில்... பட்டென்று கரண்ட் போனது.

ஃபேன் நின்றதே என்று பெரியவர்கள் முனகினோம். பிள்ளைகளுக்கோ வைஃபை நின்றுவிட்டது. காது குத்திக்கொண்ட குழந்தைகூட அப்படி அழவில்லை!

சௌந்தரம் அண்ணன் எழுந்தார். ரிட்டயர்டு தாசில்தார். அறுபதைத் தாண்டியவர். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறிவித்தார்.

“வாங்கடா எல்லாரும். ஐஸ்பாய் வெளாடுவோம்.”

“அது எந்த ஆப், தாத்தா?” என்று கேட்டான் மூத்த பேரன் கவின்.

“ஆப் இல்லடா கண்ணா” என்று அண்ணன் விதியை விளக்கினார். ஒருவன் கண்ணைப் பொத்தி ஐம்பது வரை எண்ணுவான். மற்றவர்கள் ஒளிய வேண்டும். பார்த்துவிட்டால் ‘ஐஸ்’ சொல்லிப் பிடிக்கலாம். அதற்குள் ஒளிந்தவன் பின்னால் வந்து முதுகில் ஒரு போடு போட்டு ‘டப்பா’ என்று கத்திவிட்டால், எண்ணியவன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சார்ஜே இறங்காத விளையாட்டு!

கவின் எண்ணினான். பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஓடினார்கள். தாசில்தார் கொல்லைப்பக்கம் நொண்டி நொண்டி ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. பந்தியும் வந்தது. நாங்கள் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அண்ணன் மனைவி, என் மதினி, என்னிடம் வந்து கிசுகிசுத்தார்.

“ஏ மகேசு, ஒங்கண்ணனப் பாத்தியா? கறிக்குக்கூட வராத மனுசன் இல்லயே அவரு?”

எலும்பை இலையில் போட்டேன். அடுத்த நொடி நான் கேட்ட கேள்வி இதுதான்:

“வாசல்ல ஏதாவது ஜீப்பு நின்னுச்சா மதினி?”

அது ஏன் ஜீப்பு? சொல்கிறேன்.

நான் ஏழு வயதுச் சிறுமி, அண்ணனுக்கு ஒன்பது இருக்கும். எங்கள் தெருமுனையில் எஸ்டேட் ஜீப்பு ஒன்று நிற்கும். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அரிசி, பருப்பு லோடு ஏற்றிப்போகும். அன்று நான் கண்ணைப் பொத்தி எண்ண, அண்ணன் அதில் ஏறி அரிசி மூட்டைகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டது. நான் எண்ணி முடிப்பதற்குள் ஜீப்பு கிளம்பிவிட்டது.

வேறு பிள்ளையாக இருந்தால் கத்தியிருக்கும். அண்ணன் கத்தவில்லை. ஏன்? கத்தினால் நான் கண்டுபிடித்துவிடுவேனாம்!

கொண்டை ஊசி வளைவெல்லாம் உருண்டு உருண்டு கேரள எல்லையான போடிமெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. செக்போஸ்ட்டில் தார்ப்பாயைத் தூக்கிய மலையாள அதிகாரி, “ஆராடா நீ?” என்று அலறியிருக்கிறார். அண்ணன் உதட்டில் விரலை வைத்து, “உஸ்ஸ்... காட்டிக் குடுத்துறாதீங்க சார்!”

டிரைவர் காசி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “எலேய், நீ சௌந்தரம்ல? இங்க என்னடா சோலி ஒனக்கு?”

“மெதுவாப் பேசுங்கண்ணே. தேடிக்கிட்டு இருக்காங்க.”

லோடை இறக்காமல் திரும்ப முடியாது. கீழே இறங்கிய பஸ்சு கண்டக்டரிடம் தகவல் சொல்லிவிட்டு, காசி அண்ணன் இவனையும் எஸ்டேட்டுக்கு ஏற்றிப்போனார். அங்கே ஏலக்காய் எடுக்கிற அக்காமார் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்து இளவரசன் மாதிரி கவனித்திருக்கிறார்கள்.

இங்கே போடியிலோ, கிணற்றுக்குள், விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கொலுசு போட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தெருவில் உருண்டு அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் கண்டக்டர் சொன்ன தகவல் நாலு வாய் மாறி எங்கள் வீட்டை வந்தடைந்தது.

“ஒங்க மகன அரிசி மூட்டையோட செக்போஸ்ட்ல புடிச்சுட்டாங்களாம்!”

பெரியம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. பெரியப்பா வாயைப் பிளந்தார். “ஒம்பது வயசுல அரிசி கடத்துறானா இவன்?”

பொழுது சாய ஜீப்பு திரும்பியது. அண்ணன் குதித்தது. கட்டிப்பிடிக்க ஓடிய பெரியம்மாவுக்கு ஒரு நழுவல். பிரம்போடு வந்த பெரியப்பாவுக்கு இன்னொரு நழுவல். நேரே என் பின்னால் வந்து முதுகில் ஓங்கி ஒரு அறை.

“டப்பா!”

அப்புறம்தான் அடி வாங்க நின்றது.

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஜீப்பைக் கேட்டேன் என்று?

இந்தத் தடவை ஜீப்பு இல்லை. அண்ணனுக்கு போன் அடித்தேன். கட் செய்தார். அடுத்து வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் வந்தது: ‘போன் பண்ணாதே. சத்தம் கேக்கும்.’

ஆள் நலம்! ஆனால் தேட வேண்டியவன் எங்கே? கவின் சோபாவில் கவிழ்ந்து போனில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

“டேய், தாத்தா இன்னும் ஒளிஞ்சுக்கிட்டிருக்காருடா.”

“இன்னுமா? கேம் எப்பவோ முடிஞ்சுபோச்சே!”

“அவருகிட்ட யாரு சொன்னா?”

கவின் யோசித்தான். முகம் சுருங்கியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எல்லாரும் வாங்கடா!” என்று கத்திக்கொண்டே ஓடினான்.

ஒளிகிறது பெரிய காரியமே இல்லை. நம்மைத் தேடுகிறவர் பாதியில் சாப்பிடப் போகாமல் இருக்க வேண்டும்... அதுதான் கஷ்டம். நானும் நல்லி எலும்புக்குப் போனவள்தானே!

கொல்லையில் மாமரத்தடியில் இன்னும் மாடிக்கு ஏற்றாத புதுத் தண்ணீர் டேங்க் ஒன்று நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்டூல். டேங்குக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. கோயில் மணி மாதிரி எதிரொலித்தது.

“ஐஸ் தாத்தா!” ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்துக் கத்தினான் கவின்.

தாத்தா உள்ளே உட்கார்ந்திருந்தார். சிரித்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் மறுத்துவிட்டது.

சமையல் மாஸ்டரும் ஆட்களும் வந்து டேங்கை மெல்லச் சாய்த்தார்கள். “ஐயா, வெரசா வாங்க, குழம்பு ஆறுது” என்று மாஸ்டர் கெஞ்ச, முன்னாள் தாசில்தார் நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தார். இந்த மனிதரிடம் கையெழுத்து வாங்க ஒரு தாலுகாவே வரிசையில் நின்றது என்றால் யார் நம்புவார்கள்?

வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார். “ரொம்பத் தேடுனீங்களோடா?”

நாங்கள் எல்லோரும் கவினைப் பார்த்தோம். கவின் கண்கூட இமைக்கவில்லை.

“ஆமா தாத்தா. தேடித் தேடிக் கால் வலிக்குது.”

அண்ணன் முகத்தில் வந்த பெருமை இருக்கிறதே... பணி ஓய்வு விழாவில் மாலை போட்டபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

சாப்பிட்டு வந்ததும், பிடிபட்டவர்தான் எண்ண வேண்டும் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மரத்தடியில் சேரைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தார். வயிறு நிறைய கறிச்சோறு. இருபதைத் தாண்டவில்லை... குறட்டை.

பிள்ளைகள் மூலைக்கு ஒன்றாய் மூச்சுக் காட்டாமல் ஒளிந்திருந்தார்கள். வீட்டில் அப்படியொரு அமைதி. அண்ணனை எழுப்பப் போன என் கையை மதினி பிடித்து இழுத்தார்.

“எழுப்பிறாத மகேசு. காப்பி குடிச்சுட்டுத் தேடுவோம்.”

இரண்டாவது காப்பியும் குடித்தோம்.