அம்மா பின் அடித்த பக்கங்கள்

மகளின் பள்ளிக்கூடத் தாள்களை ஸ்டேப்ளரால் பின் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த 'டக்' சத்தத்தில் பொள்ளாச்சி வீடு கண்முன் வந்துவிட்டது.

அம்மாவும் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவும் மாத நாவல்களை மாற்றி மாற்றிப் படிப்பார்கள். நான் எடுத்துப் படித்துவிடுவேன் என்று பயந்து, முத்தம் வரும் பக்கங்களை அம்மா சேர்த்துப் பின் அடித்துவிடுவார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. எந்தப் பக்கம் என்று தேடவே வேண்டாம். நாயகியை நாயகன் அறையும் பக்கங்களுக்கு மட்டும் அம்மா ஒருநாளும் பின் அடித்ததில்லை.

"பிரியம் இருக்கறவன்தானுங்க்கா அடிப்பான்," என்பார் சரோஜா அக்கா. அம்மாவும் சிரிப்பார்.

இப்போது எங்கள் வாசகிகள் வாட்ஸ்அப் குழுவில் அதே நாயகனுக்கு இறக்கை முளைத்திருக்கிறது. இந்த மாதக் கதையில் அவன் அரக்க இளவரசன். நாயகியைத் தூக்கிப்போய்க் கோட்டையில் பூட்டி வைக்கிறான். "இவனாட்டம் ஒருத்தன் கெடைக்கோணுமுங்க!" என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள். "இதே கதையை இன்னும் எத்தன தடவைங்க படிக்கறது?" என்று எரிச்சலில் தட்டினேன். யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று அனுப்பாமலே அழித்துவிட்டேன்.

ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் தாள்களை வாங்க வந்தாள்.

"அம்மா, உன்ற அந்த அரக்கன் புக்கப் படிச்சுப்போட்டேன். அவன் நல்லவன்மா. லவ் பண்றதாலதான பூட்டி வெச்சான்?"

"பூட்டி வெக்கறது லவ் இல்ல கண்ணு," என்றேன், வேண்டியதைவிடச் சத்தமாக.

"அப்பறம் ஏம்மா உங்க குரூப்ல எல்லார்த்துக்கும் அவனப் புடிக்குது?"

அவள் பார்க்கும்படியே போனை எடுத்து எழுதி அனுப்பினேன்: "எனக்கு இவனப் புடிக்கலைங்க."