கப்பலூர்க் கிடங்கில் மூன்று குவியல்

புதன் காலை ஆறரைக்கு வில்லாபுரத்தில் கிளம்பினேன். பையில் கைத்துருத்தி, சுத்தியல், ஒரே பட்டையில் வெட்டிய இரண்டு இரும்புத் துண்டு.

எங்களுக்கு அரிவாள் பட்டறை. வீட்டுக்காரர் உலையில் காய்ச்சிய இரும்பைப் பிடிப்பார், நான் சம்மட்டி அடிப்பேன். கீழக்குயில்குடிக்காரர் ஒருவர் கருப்பசாமிக்கு மூன்றடி அரிவாள் நேர்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அடிக்கும்போதே இரண்டு பட்டை பிளந்துவிட்டது. ஒன்றுதான் மிச்சம். "ஒன் அடி சரியில்ல" என்றார் வீட்டுக்காரர். பதினெட்டு வருடமாக அடிக்கிறேன். எனக்குப் புதுக் கரி மேல் சந்தேகம். வாங்கின இடத்துக்கே போனேன்.

பெரியார் நிலையத்தில் திருமங்கலம் பஸ். பெண்களுக்கு இலவசம், எனக்கு டிக்கெட் கிடையாது.

ஏழே முக்காலுக்குக் கப்பலூர். கிடங்கில் மூன்று குவியல் நிலக்கரி. எரித்துப் பார்க்கக் காவல்காரர் தன் கஞ்சி அடுப்பைக் கொடுத்தார்.

முதலில் நாங்கள் வாங்கின பளபளப்புக் கரி. தீக்குச்சி உரசின நெடி வந்தது. கந்தகம், அது ஏறினால் இரும்பு பிளக்கும். துண்டு சிவந்ததும் தட்டினேன். ஓரம் பிளந்தது.

"சூளைக்காரங்க இதத்தான் அள்ளுறாங்க. ஒருத்தரும் கொறை சொன்னதில்லக்கா" என்றார் கிடங்குக்காரர்.

"செங்கலக் காச்சி சம்மட்டியாலயா அடிக்கிறாக?"

காவல்காரர் சிரித்துவிட்டார்.

இரண்டாவது பழுப்புக் கரி. ஈரம். புகைதான் வந்தது, இரும்பு சிவக்கவில்லை. அது பாய்லருக்குப் போகிறதாம்.

மூன்றாவதில் நெடி இல்லை. கரி உருகி ஒட்டிக்கொண்டு மூடிபோல் நின்றது. சூடு வெளியே போகவில்லை. இரண்டாவது துண்டைத் தட்டினேன். கொக்கிபோல் வளைந்தது. கீறல் இல்லை.

"இது வெல கூடக்கா."

"இருக்கட்டும். ரெண்டு மூட்டை போடுங்கண்ணே."

திரும்பும்போது கண்டக்டர், "ஒனக்கு ஃப்ரீ, மூட்டைக்கு டிக்கெட்டு. அது பொம்பள இல்லல்ல" என்றார். வாங்கினேன்.

பதினொன்றரைக்குப் பட்டறை. வளைந்த துண்டையும் பிளந்த துண்டையும் அவர் கையில் கொடுத்தேன். இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். உலை மூட்டினார்.

ஐந்து மணிக்கு அரிவாள் முடிந்தது. முனைவரை விரலால் தடவினேன். சுத்தம்.

கப்பலூரில் அந்தப் பளபளப்புக் கரியைக் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. செங்கலுக்கு அது நல்ல கரிதான்.

மிச்சமிருந்த அந்தக் கரியை அவரே சாக்கில் அள்ளி, சைக்கிளில் வைத்துச் சூளைக்குக் கொண்டுபோனார். வரும்போது எனக்கு டீ வாங்கி வந்தார்.