தாழ்ப்பாளில் இருந்த கை

சனிக்கிழமை மத்தியானம் கடையை மூடுவது என்பது மிஷின் அக்காவின் சரித்திரத்திலேயே இல்லாத காரியம். பெண்களுக்குத் துணி தைக்கிற சின்னக் கடை அது. அவள் மிஷினில் உட்கார்ந்தால், பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஹூக்கு, பட்டன், ஓரம் அடிக்கிற கைத்தையல் எல்லாவற்றையும் அவளுடைய அண்ணி பார்த்துக்கொள்வாள். அன்றைக்கு இருவரும் காலையிலிருந்து மூச்சுவிடாமல் தைத்தார்கள். அப்படியும் முடியாததை மடித்து அலமாரியில் திணித்துவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார்கள்.

எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டிதான் காரணம். வட்டாரக் கலைவிழா, பள்ளிக்கூடத்தில், சனி ஞாயிறு இரண்டு நாளும். ஓவியம், பாட்டு, நாடகம், எழுத்தாளர் சந்திப்பு. அதற்குக் கீழே போட்டிருந்த பெயரைப் பார்த்ததிலிருந்து மிஷின் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த எழுத்தாளரின் நாவல் ஒன்றைப் படித்த நாளிலிருந்து கடையில் சண்டை. கதையில் ஒரு நர்ஸ் வருகிறாள். அவளை விட்டுவிட்டுப் போன புருஷன் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். 'அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது' என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. திறக்க வைத்த கையா, இன்னும் இறுக்கிப் போட வைத்த கையா? "போட்டுத்தான் இருப்பா" என்பாள் மிஷின் அக்கா. "திறந்திருப்பா" என்பாள் அண்ணி. அளவெடுக்க வந்த வாடிக்கையாளர்கள்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

இந்தச் சண்டைக்கு வேர் வேறெங்கோ இருந்தது. மிஷின் அக்காவின் அண்ணன் ஒரு காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட தங்கையும், அவன் மனைவியும் சேர்ந்து, இருந்ததை விற்றுப் பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டுக் காலம் தள்ளினார்கள். ஒரு மழை நாளில் நூல் வாங்கப் போய்விட்டு வீடு திரும்பிய மிஷின் அக்கா, அண்ணன் சமையலறையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டது அண்ணி. ஏன் திறந்தீர்கள் என்று மிஷின் அக்கா கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு ஒழுங்காக வேன் ஓட்டிக்கொண்டு, அடங்கி ஒடுங்கிக் குடித்தனம் செய்கிறான். ஆனாலும் அக்காவுக்கு அந்த மழை நாள் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

பள்ளிக்கூடத்து வராண்டா முழுக்க ஓவியங்கள். அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் இருவரும் கூடத்துக்கு ஓடி, முன்வரிசை மடக்கு நாற்காலிகளைப் பிடித்தார்கள். எழுத்தாளர் ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மாள். குரலைக் கேட்டால் கடைக்கு வந்து மெதுவாக 'கை கொஞ்சம் லூசா வேணும்' என்று சொல்பவர் மாதிரி இருந்தார். அந்தக் குரலில் அவர் நாவலின் கடைசிப் பக்கங்களை வாசிக்க வாசிக்க, மிஷின் அக்கா அண்ணியின் கையைப் பிடித்து நெரித்தாள்.

"வலிக்குதுடி" என்றாள் அண்ணி.

கேள்வி நேரம் வந்தது. முதலில் மைக்கை வாங்கிய பெரியவர் கேள்வி என்று சொல்லித் தன் வாழ்க்கை வரலாற்றில் பாதியைச் சொன்னார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் மிஷின் அக்கா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"அம்மா, ஒரே ஒரு விஷயம். அவ திறந்தாளா, போட்டாளா?"

கூடம் சிரித்தது. எழுத்தாளரும் சிரித்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். எழுதினது நீங்கதானே?"

"ரெண்டு விதமாவும் எழுதிப் பார்த்தேன். ரெண்டையும் கிழிச்சுப் போட்டுட்டேன். நிஜமாவே எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும். அந்த வாரம்தானே புதுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினா? திறக்கப் போறவளுக்குப் புதுத் தாழ்ப்பாள் எதுக்கு?"

பின்னாலிருந்து கைதட்டல். அண்ணி மைக்குக்குக் காத்திருக்கவில்லை. "தட்டுற சத்தம் கேட்டதும் தலைய வாரிக்கிட்டாளே, அதைச் சொல்லு. பூட்டப் போறவ எதுக்குத் தலை வாரணும்?"

அவ்வளவுதான். கூடம் சந்தைக்கடை ஆயிற்று. எழுத்தாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கண் பளபளக்க, பேசுகிறவர்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் இளைஞன் எழுந்து, "திறந்தா அவளுக்கு மானம் இல்லன்னு அர்த்தம்" என்றான்.

அண்ணி எழுந்து அவன் பக்கம் திரும்பினாள். "நான் திறந்தேன் தம்பி."

இளைஞன் மெல்ல உட்கார்ந்துவிட்டான். அண்ணி நிறுத்தவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு திறக்கல. முகத்துக்கு நேரா கேக்கறதுக்கு என்கிட்ட நிறைய இருந்தது. பூட்டின கதவுகிட்டப் போய் என்னத்தக் கேக்கறது?" சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மிஷின் அக்காவின் கையில் மைக் அப்படியே இருந்தது. தன் கூடவே உட்கார்ந்து இத்தனை வருஷம் ஹூக்கு வைத்தவளை இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தாள். தொண்டையில் இருந்த முள் சட்டென்று இறங்கிவிட்டதில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் அழுகையை முந்திக்கொண்டு பெருமை வந்தது. "எங்க அண்ணி" என்று மைக்கிலேயே சொன்னாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

கையெழுத்து வாங்கும் வரிசையில் அவர்கள் நீட்டியது இரண்டு பாதிப் புத்தகங்கள். ஒரே பிரதியை இருவரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டுமென்று நடு முதுகில் பிளந்திருந்தார்கள். எழுத்தாளர் விழுந்து விழுந்து சிரித்து, இரண்டு பாதியிலும் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மிஷின் அக்கா மெல்லக் கேட்டாள். "எல்லாத்தையும் கேட்டீங்களா அண்ணி, அன்னிக்கு?"

"நீ நூல் வாங்கிட்டு வர்றதுக்குள்ள பாதிதான் கேக்க முடிஞ்சது. மீதிய இன்னும் அப்பப்ப கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையிலேயே போன். துணி தைக்கக் கொடுத்திருந்த டீச்சர், நேற்று மத்தியானமே கடை ஏன் பூட்டிக் கிடந்தது என்று காய்ச்சி எடுத்தார். மிஷின் அக்கா ஒரு கையால் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன் டீச்சர். இன்னிக்கு ஒரு கவிஞர் வர்றாராம். அவர்கிட்டயும் கேக்க வேண்டியது இருக்கு."