தளம் போட்ட அன்று வந்த தார்ப்பாய்கள்

வெண்ணந்தூரில் எங்கள் சின்ன ஆலயத்துக்குக் கூரைத் தளம் போட்ட நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது. எழுபதுகளின் கடைசி. சிமென்ட்டுக்கு பர்மிட் வாங்கவே செருப்புத் தேய்ந்த காலம். அடுத்த மாதம் அந்தத் தளத்துக்கு அடியில் நடக்கவிருந்த முதல் கல்யாணம் என்னுடையது. கேட்கவா வேண்டும்!

கொத்தனார் என் அப்பாதான். சபையே வேலைக்கு வந்துவிட்டது. போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜல்லி அள்ளினார். காங்கிரீட் சட்டியைக் கைமாற்றும் வரிசையில் பாடகர் குழு நாங்கள். கை சோரும்போதெல்லாம் ஒரு கீர்த்தனையை எடுத்துவிடுவோம். தாளத்துக்குச் சட்டி தானாக ஏறும்.

"பாட்டு நிக்கக் கூடாது சாமி, நின்னாச் சட்டியும் நிக்குது!" என்று அப்பா மேலிருந்து கத்துவார்.

ஒருவர் மட்டும் சட்டி தூக்கவில்லை. சபையில் ஒரு விதவை, எங்கள் எல்லாருக்கும் அக்கா, மூட்டுவலிக்காரர். வீடு வீடாகப் போய் நலம் விசாரித்து, நோயாளிக்காக ஜெபிப்பதுதான் அவருடைய ஊழியம். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடு என்று பார்க்கமாட்டார். அப்பாவுக்கு அது வேலையாகவே தெரியாது.

"ஊடு ஊடாப் போயி டீ குடிக்கறது ஊழியமுன்னா, எங்கூட்டுப் பூனையும் ஊழியக்காரிதானுங்க!" என்றார் அன்றைக்கும், அவர் காதுபடவே. அக்கா சிரித்துக்கொண்டார். எனக்குத்தான் அப்பா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசிச் சட்டி ஏறி, அப்பா மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது அலவாய்மலைப் பக்கம் கறுத்தது. பெரிய துளியாக ஒன்று என் மூக்கில் விழுந்தது. ஐயோ! ஈரத் தளம் மழையில் கரைந்தால் அவ்வளவுதான். இன்னொரு பர்மிட்டுக்கு எங்கே போவது? போதகர் அப்படியே முழங்கால் போட்டார். அப்பா கையைப் பிசைந்தார். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம்.

சற்று நேரத்தில் தெருமுனையில் ஒரே சத்தம். முன்னால் அக்கா நொண்டி நொண்டி ஓடி வருகிறார். பின்னால் ஊரில் லாரி வைத்திருந்த ஒரு வீட்டு ஆட்கள், தோளில் லாரித் தார்ப்பாய்களோடு!

"எங்கொழந்தைக்குக் காச்சல் வந்தப்ப கூடவே உக்காந்திருந்தாங்க. அவங்க கூப்பிட்டா வராம இருப்பமுங்களா?" என்றபடியே ஒருவர் சாரத்தில் ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். போதகர் ஒரு முனை, நாங்கள் ஒரு முனை. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை மூங்கிலால் முட்டித் தள்ளினோம்.

"பாடுங்க சாமி!" என்றார் அப்பா. தொண்டை கிழியப் பாடினோம். மழை ஓய்ந்தது. தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை!

என் கல்யாணத்தன்று அந்தத் தளத்துக்கு அடியில் லாரிக்கார வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அக்காதான் வரவேற்பு. அப்பா அவர் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நாளைக்கு எந்தூட்டுக்குப் போறீங்க? நானும் வாரனுங்க."

"எதுக்குத் தம்பி, டீ குடிக்கவா?"

"ஆமாங்க, டீ குடிக்கத்தான்," என்றார் அப்பா. கண் நிறைந்திருந்தது.