வாசிதி மேல் விழுந்த பழி

வுனிகௌ கிராமத்தில் வாசிதியைப் போல வலை பிடிக்கத் தெரிந்த பெண் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மார்பளவுத் தண்ணீரில் பாறைத் திட்டோரம் நிற்பாள். மற்றவர்கள் குளிருக்குக் கரையேறிய பிறகும் அவள் தலை மட்டும் கடலில் தெரியும். அப்படிப்பட்ட உடம்பு அவளுக்கு. அந்த உடம்பில் நாலு பிள்ளை உருவாகி, நாலும் பேர் வைக்கும் வரைகூட நிற்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? அவள் தாய்வீட்டார் எந்தத் தெய்வத்தையோ பகைத்துக்கொண்டார்கள், அது இவள் வயிற்றில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பேச்சு பரவியது. முதலில் சொன்னது அவள் நாத்தனார் தாரைவினி. அதற்குப் பிறகு கர்ப்பிணிகள் வாசிதி வீட்டு வாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனார்கள். வாசிதி யாரிடமும் அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. அவள் வேண்டியது ஒன்றே ஒன்று. இது அவள் குற்றமில்லை என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய், ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டிய வாய் வீட்டிலேயே இருந்தது. அதுதான் திறக்காத வாய்.

அவள் கணவர் லெமேகி வாலிபத்தில் சிப்பாய். நம் தீவுகளை இங்கிலாந்துக்காரர்கள் ஆண்ட காலத்தில், நம் பையன்களைக் கப்பலேற்றிக் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடலுக்கு மேலே அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். போனபோது லெமேகிக்குத் தலை கொள்ளாத சுருட்டை முடி. திரும்பியபோது தலை வழித்த பூசணி. ஊர் திரும்பிய வருஷமே வாசிதியைக் கட்டிக்கொண்டார். அங்கே என்னதான் பார்த்தீர்கள் என்று அவள் எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

"தென்னமரம்."

இரண்டு பேருக்கும் வயதான பிறகு ஒருநாள், தலைநகர் சுவாவிலிருந்து செனிமிலி என்ற வக்கீல் பெண் படகில் வந்தாள். வெடிச் சோதனைக்குப் போன சிப்பாய்களுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறாள். அதற்கு ஊர் ஊராகச் சாட்சி திரட்டுகிறாள். அவளோடு கோரோ தீவிலிருந்து பௌலியாசியும் வந்தார். லெமேகியோடு அதே கூடாரத்தில் படுத்த ஆள்.

செனிமிலி முறைப்படி யங்கோனா வேர்க்கட்டை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்தாள். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்தார்கள், கொட்டாங்கச்சியில் அந்தப் பானம் ஆளுக்கு ஆள் சுற்றி வந்தது. பிறகு லெமேகியிடம் கேள்வி.

"தாத்தா, உடம்புக்கு என்னென்ன வந்துச்சு, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

"முடி கொட்டுச்சாமே?"

"வயசானா எல்லாருக்கும் கொட்டும்."

"உங்களுக்கு அப்ப இருபத்தி மூணு வயசு தாத்தா! சரி, பிள்ளைங்க?"

"கடவுள் குடுத்தார், எடுத்துக்கிட்டார். அம்மாடி, மரவள்ளி வெந்திருக்கு, முதல்ல சாப்பிடு."

அவர் வேண்டுமென்றே மறைக்கவில்லை. வேரோடு வந்த விருந்தாளி முன்னால் சோறு வைப்பதா, தன் சீக்கை வைப்பதா? சீக்கைச் சொன்னால் அது பிச்சை. நம் ஆட்கள் அப்படி வளர்ந்தவர்கள். அதிலும் இவர் சிப்பாய்.

"நீங்க சொல்லாட்டி எனக்கு வழக்கே இல்ல தாத்தா. கடல் தண்ணி வத்துறதுக்குள்ள படகு கிளம்பணும்" என்றாள் செனிமிலி.

வாசலோரம் பெண்களோடு இருந்த வாசிதி எழுந்து வெளியே போனாள். அங்கே பௌலியாசி மர நிழலில் தேங்காய்ப்பால் மீனை விரலோடு சப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவர் வாயத் திறக்க மாட்டேங்கிறார். நீங்கதான் திறக்க வைக்கணும்."

"நானா? நான் திட்டத்தானே முடியும்."

"அதத்தான் கேக்குறேன்."

லெமேகி குலமும் பௌலியாசி குலமும் தவுவு. அதாவது, இரண்டுக்கும் ஆதி தெய்வம் ஒன்று. தவுவு முறைக்காரன் உன் கோழியைப் பிடித்துத் தின்னலாம், சபையில் உன் மானத்தை வாங்கலாம். நீ கோபப்படக் கூடாது. திருப்பித் திட்டலாம். வாய்மூடி இருந்தால் தோற்றவன் நீ.

பௌலியாசி முள்ளைத் துப்பினார். "தங்கச்சி, நான் ஆரம்பிச்சா அவன் மட்டும் நனைய மாட்டான். உன் மேலயும் தெறிக்கும்."

"தெறிக்கட்டும். நான் கடல்லயே நின்னவ."

அவர் உள்ளே போய் நடுப்பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"வக்கீலம்மா, இந்தக் கருவாட்டையா கேள்வி கேக்குற? நான் சொல்றேன், எழுதிக்க. குண்டு வெடிச்ச அன்னிக்கு இவன் கால்சட்டையோட ஒண்ணுக்குப் போயிட்டான். விஷத் தகர டப்பாவ எல்லாம் வெறுங்கையால கடல்ல உருட்டி விட்டான், என்னமோ ராணி வந்து முத்தம் குடுக்கப்போறா மாதிரி. அப்புறம் பாம்பு மாதிரி தோல உரிச்சான். அந்தத் தோல வெச்சு ஒரு கூடாரமே தைச்சிருக்கலாம்!"

சபை குலுங்கிச் சிரித்தது. லெமேகியும் முறைக்குச் சிரித்தார்.

"ஊருக்கு வந்து என்ன கிழிச்சான்? ஒரு தொழில் நல்லாக் கத்துக்கிட்டான். சின்னக் குழி வெட்டுறது. கோயிலுக்குப் பின்னால போய்ப் பாரு, நாலு வெட்டியிருக்கான்."

சிரிப்பு நின்றது. தாரைவினி தலையைக் குனிந்துகொண்டாள். லெமேகி கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார். பதில் சொல்லியாக வேண்டும்.

"கோரோ ஆமைக்கு எண்ணத் தெரியுதே, பரவால்ல" என்றார். "ஆனா முக்கியமானத விட்டுட்டியேடா. நீதான் அப்ப மணல்ல மூஞ்சியப் புதைச்சுக் கிடந்தியே."

பிறகு செனிமிலி பக்கம் திரும்பினார்.

"முதுகக் காட்டி உட்காரச் சொன்னாங்க. கண்ணுல முஷ்டிய வெச்சு அழுத்திக்கச் சொன்னாங்க. அழுத்தின கண்ணுக்குள்ள என் விரல் எலும்பப் பாத்தேன்மா, மீன் முள்ளு மாதிரி. வெளிச்சம் முதுகு வழியா நுழைஞ்சு நெஞ்சு வழியா வெளிய போச்சு. அப்புறம் திரும்புங்கன்னாங்க. கடல் எழுந்து நின்னுச்சு. வானத்துக்குத் தலை முட்டுற மாதிரி. ரோசாப்பூ நிறம், மஞ்சள், அதுக்குள்ள நெருப்பு உருண்டுக்கிட்டே... அழகா இருந்துச்சு. அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெக்கம். அவ்வளவு அழகா இருந்துச்சு. சாமின்னு நெனச்சு மண்டி போட்டுட்டேன்."

செனிமிலி எழுத எழுத, லெமேகி மேலே சொன்னார்.

"சாயங்காலம் பறவைங்க குருடாகி மணல்ல தத்திக்கிட்டுக் கெடந்துச்சுங்க. சாமி அப்படிப் பண்ணாதும்மா. நாங்க அந்தத் தண்ணியில குளிச்சோம், அந்த மீனத் தின்னோம். அத நான் உடம்புல வெச்சு ஊருக்குக் கொண்டுவந்தேன். எழுதிக்க. வாசிதி வயித்துல எந்தத் தெய்வமும் உட்காரல. அவ வயிறு நல்ல வயிறு. கேடு எங்கிட்ட இருந்துச்சு."

வாசிதி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த ஆள்தான். கடல் எழுந்து நின்றதைக் கண்ட கண் இதுதானா? அந்த மாதிரி வெளிச்சத்தை உள்ளே வைத்துக்கொண்டா இவர் தினமும் சேம்புக்குக் களை பிடுங்கினார்? கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை. மலையைப் பார்த்து யாராவது கோபப்படுவார்களா?

செனிமிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தாள். "பதில் வர எத்தனை வருஷம் ஆகும்னு தெரியாது பாட்டி. வராமலும் போகலாம்."

"குத்தம் செஞ்சவன் திமிங்கிலப் பல்லு கொண்டுவந்து மன்னிப்புக் கேக்கணும். அதான் நம்ம முறை" என்றாள் வாசிதி.

"இங்கிலாந்துக்காரன் பல்லுக்கு எங்க போவான் தங்கச்சி? அவன் திமிங்கிலத்த எல்லாம் எண்ணெய் காய்ச்சி வித்துட்டானே!" என்றார் பௌலியாசி. படகு கிளம்பும் வரை ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இங்கிலாந்திலிருந்து பல் வரவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் தாரைவினி வீட்டிலிருந்து வந்தது. அவள் கணவர் திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் ஏந்தி முன்னே வந்து உட்கார்ந்தார். பின்னால் தாரைவினி தரையைப் பார்த்தபடி. வாசிதி அதைத் தொட்டால் மன்னித்ததாக அர்த்தம்.

வாசிதி கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"அந்தப் பேச்ச எங்க வெச்சுச் சொன்ன?"

"குழாயடியில, அண்ணி."

"அப்ப அங்கயே வா. எல்லாரும் தண்ணி பிடிக்கிற நேரத்துல, அது பொய்னு அதே சத்தத்துல சொல்லு. அப்புறம் தொடுறேன்."

மறுநாள் காலை, கணவர் பல்லோடு பக்கத்தில் நிற்க, தாரைவினி குழாயடியில் நின்று சொன்னாள். தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் பெண்கள் கேட்டார்கள். வாசிதி கடைசிச் சொல் வரை கேட்டாள். பிறகு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பல்லைத் தொட்டாள்.