சித்தப்பா நின்ற இடம்

"உள்ளே போறேன்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் அவர் கணினியில் ஒரு கோப்புறைக்குள் நுழைவார். அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் இன்னொன்று. ரசீது அச்சாகும் பகுதி அவருடைய வேலை; அது எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துத் தொடங்குவார். மாலையில் சட்டென்று மூடிவிட்டுக் கிளம்ப மாட்டார். ஒவ்வொரு கோப்புறையாக மேலேறி வெளியே வருவார், அறைக்கு அறை விளக்கணைத்துக்கொண்டு வருகிறவரைப் போல.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. உண்மையில் எங்கள் முதலாளிக்கு மட்டும்தான். அண்ணன் மகன் நடத்திய கம்பெனியில் சித்தப்பா சம்பளத்துக்கு இருந்தார். வாகனப் பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி. கீழே சைக்கிள் கடை. காற்றடிக்கும் சத்தம் நாள் முழுக்க மேலே கேட்கும். இப்போது நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் எந்தச் சத்தமும் மேலே வருவதில்லை.

நாங்கள் எழுதுவதையெல்லாம் 'கிட்' என்ற மென்பொருள் படிப்படியாகக் காத்து வைத்திருக்கும். செய்ததைப் பதிவு செய்யலாம். பிடிக்காததைக் கலைத்துவிட்டுப் பழைய பதிவுக்குத் திரும்பலாம். அதற்கான கட்டளைகளை மற்றவர்கள் எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே, தலைவாசலில் நின்று கொடுப்போம். கட்டளையின் முடிவில் ஒரு புள்ளி வைத்தால் மொத்த வீடும் அதில் அடங்கிவிடும். சித்தப்பா தம் கோப்புறைக்குள் இருந்தே கொடுப்பார். அங்கே அதே புள்ளி அந்த அறையோடு நின்றுவிடும்.

"வாசல்ல நின்னு ஊரையே கூப்பிடணுமா என்ன? எனக்கு என் ரூம் போதும்மா" என்பார்.

"அந்தக் குகைக்குள்ள காத்து வருதா சித்தப்பா?" என்று பக்கத்து மேசைக்காரி சீண்டுவாள்.

"காத்து வரல. உன் வாய் மட்டும் வருது."

இந்தப் பழக்கத்தால் வம்பும் வந்தது. வரி விகிதத்தைத் திருத்தப் பக்கத்துக் கோப்புறையில் ஒரு கோப்பைத் தொட்டவர், வழக்கம்போலத் தம் அறையை மட்டும் பதிவு செய்து அனுப்பிவிட்டார். ஒரு பட்டறையில் வரியே இல்லாமல் ரசீது வந்தது. முதலாளி பொறுத்துக்கொண்டார். மறுபடியும் அதே மாதிரி நடந்தபோது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "சித்தப்பா, இனிமே நீங்களும் மேல நின்னுதான் கமாண்ட் குடுக்கணும். இல்லேன்னா உங்களை வேலையில வெச்சுக்க முடியாது. அப்பா கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

சித்தப்பா தலையாட்டினார்.

அந்த வாரம் முதலாளியின் மடிக்கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. சித்தப்பா சாப்பிடப் போகும் நேரங்களில் முதலாளி அவருடைய கணினியில் உட்கார்ந்து, வேறொரு கோப்புறையில் உதிரிபாகங்களின் இருப்புக் கணக்குப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டியது. அதில் எதையும் அவர் இன்னும் பதிவு செய்திருக்கவில்லை.

அன்று மதியம் சித்தப்பா விரல்களை நெட்டி முறித்தபடி என்னிடம் சொன்னார்: "ரசீது டிசைன் சொதப்பிடுச்சும்மா. எல்லாத்தையும் கலைச்சுட்டேன். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

முதலாளி எழுந்துவிட்டார். "எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான்."

"எங்க நின்னு கலைச்சீங்க சித்தப்பா?"

மேலே நின்று கலைத்திருந்தால் முதலாளியின் வேலை அத்தனையும் போயிற்று. உள்ளே நின்று என்றால் அது பிழைத்தது. ஆனால் சித்தப்பாவின் வேலை நிலைக்குமா?

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மேல போகணும்னுதான்பா நெனச்சேன். கை கேக்கல. என் ரூம்லயே நின்னு கலைச்சுட்டேன். தப்புதான்."

முதலாளி அந்த மேசைக்கு விரைந்தார். சித்தப்பா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். முதலாளி தம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கியதும், திரை கண்ணில் படாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நெடுநேரம் கழித்து முதலாளி மூச்சுவிட்டார். "எல்லாம் அப்படியே இருக்கு சித்தப்பா. வந்து உங்க இடத்துல உட்காருங்க."

"நீ உன் ரூமை மூடிட்டு எழுந்திருப்பா, வரேன்" என்றார் சித்தப்பா, திரும்பாமலே.