நீல மை

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தலை நரைத்தபிறகும் சொல்ல வாய் வரவில்லை; அதனால் எழுதுகிறேன்.

செங்கம் சாலையில் பெரியப்பா வீட்டு முன்னறைதான் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு ஆபீஸ். ஹவில்தாராக ஓய்வு பெற்ற அவர்தான் செயலாளர். குடியரசு தினத்தில் அணிவகுத்து நிற்க நாலைந்து பேர் தொடங்கிய சங்கம், திருவண்ணாமலை தனி மாவட்டமானபின், சிப்பாய்களின் விதவைகளுக்குக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் இடமாகிவிட்டது. வருபவர்களிடம் பெரியப்பா முதலில் கேட்பது பட்டாள நம்பர். அது இல்லாமல் ராணுவ ஆபீசில் ஆளைத் தேட மாட்டார்கள்.

கீழ்பென்னாத்தூர்க் கிழவி ஒருத்தி ஒரு பழைய கவரைக் கொண்டுவந்தாள். உலகப்போருக்குப் போய்த் திரும்பி, சீக்கிரமே செத்துப்போன கணவன் எழுதியது. மற்ற காகிதமெல்லாம் குடிசையோடு எரிந்துவிட்டதாம். கவரின் பின்னால் அவர் பெயரும் நம்பரும் இருந்தன. பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடி ரிப்பேரில் இருந்தது. திங்கட்கிழமை மனுவில் ஏற்றிக்கொள்ளலாம் என்று மேஜையில் வைத்தார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, நான், மூன்றே பேர். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் வாங்கிய பல நாட்டு ஸ்டாம்புகள் என்னிடம் இருந்தன. ராஜா தலை போட்டது மட்டும் இல்லை. அது அந்தக் கவரில் இருந்தது. கிழிக்காமல் எடுக்க, எப்போதும்போல எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கவரை ஊறவைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஸ்டாம்பு மிதந்தது. தண்ணீர் நீலமாக இருந்தது. நம்பர் இல்லை. கவரைக் கசக்கிச் சாக்கடையில் போட்டேன்.

திங்கட்கிழமை கிழவி வந்தாள். பெரியப்பா எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடதும்மா. பத்திரமா வெக்காம தொலைச்சிட்டேன்."

அவள் அந்த மேஜையை ஒருமுறை பார்த்தாள்.

"நம்பரு போனா போவுதுங்க. அவரு கையால எழுதுனது எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துது."

எல்லையைக் காத்தவருக்கு ஒரு கவரைக் காக்கத் தெரியவில்லையா என்று சங்கத்தில் கிண்டல் செய்தார்கள். பெரியப்பா செயலாளர் பதவியை விட்டார். வெறும் பெயரை வைத்துக்கொண்டு அவளுக்காகக் கடைசிவரை எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. ஸ்டாம்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பயத்தில் நான் நீலத் தண்ணீரோடு கொல்லைப்புறத்திலேயே விட்டுவந்த கிண்ணம், கவரை ஊறவைத்த அன்றே மாலை சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்தது. வழக்கம்போலப் பெரியம்மா கழுவியிருப்பாள் என்று, மேலே யோசிக்காமல் நிம்மதியாக இருந்துவிட்டேன். பெரியம்மா அந்த வாரம் முழுக்கத் தன் தாய்வீட்டில் இருந்தாள் என்பது எனக்கு உறைத்தபோது, பெரியப்பா இல்லை.